முதுகுவலிக்கு ஓர் உடும்பு

வாடிய முருங்கைக்கீரையை யாரும் டவுனுக்கு எடுத்துக்கொண்டு போவதில்லை. அன்று மதியம் கீழ்பென்னாத்தூரிலிருந்து திருவண்ணாமலை வரும் பேருந்தில் என் எதிர் இருக்கைப் பெண் அதைத்தான் பையின் வாய்வரை அடைத்து வைத்திருந்தாள். பையை மடியில் வைக்காமல் கீழே வைத்து, இடது காலை அதன்மேல் போட்டிருந்தாள். பேருந்து வேகத்தடையில் ஏறி இறங்கும்போது எங்கள் எல்லோருடைய கால்களையும் தூக்கிப் போட்டது. அவள் கால் மட்டும் பையை அழுத்திக்கொண்டே இருந்தது.

நான் வனக்காப்பாளர். அன்று சீருடையில் இல்லை. சாயம் போன ஒரு புடவையில், சந்தைக்குப் போய்த் திரும்புகிறவள் மாதிரி உட்கார்ந்திருந்தேன். மகப்பேறு விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பியபோது, மலையேறும் ரோந்து இப்போதைக்கு வேண்டாம் என்று கொடுத்த வேலை இது. கொஞ்ச காலமாக மான்கறியும் முயலும் கௌதாரியும் பெண்களின் கூடையிலும் பையிலும்தான் டவுனுக்குள் வந்துகொண்டிருந்தன. ஆண் காவலர்கள் ஒரு பெண்ணின் பைக்குள் கைவிடத் தயங்குவார்கள் என்பது வேட்டைக்காரர்களுக்குத் தெரிந்துவிட்டது. அதனால் எங்கள் சரகத்தின் பெண் வனவரும் நானும் வாரத்தில் சில நாட்கள், பெண்களுக்கு டிக்கெட் இல்லாத டவுன் பஸ்ஸில் எல்லோரையும்போல ஏறிக்கொள்வோம். அவரை நான் மேடம் என்று கூப்பிடுவேன். மேடம் கடைசி இருக்கையில், தலை நிறையக் கனகாம்பரம் வைத்துக்கொண்டு, கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி இருப்பார். நான் நடுவில். யார்மீதாவது சந்தேகம் வந்தால் நான் கொண்டையை அவிழ்த்து மறுபடி முடிய வேண்டும். அதுதான் எங்கள் சைகை.

கொண்டையில் கை வைத்தேன். எடுத்துவிட்டேன். வெறும் கீரையாக இருந்தால்? முதல் வாரத்திலேயே அப்படி ஒன்று நடந்திருந்தது. ஒரு அம்மாவின் கூடையை நிறுத்திச் சோதித்ததில் கருவாடு இருந்தது. "நல்லா மோந்து பாரு. மானா, மீனானு தெரியலியா ஒனக்கு? பொழுதன்னிக்கும் இதான் உத்தியோகமா?" என்று அவர் கேட்டது பேருந்து முழுவதற்கும் கேட்டது. கண்டக்டர்கூடச் சிரித்தார். அன்றிலிருந்து கொண்டையை அவிழ்க்கும் முன் மனசுக்குள் பலமுறை அவிழ்த்து முடிந்துவிடுவேன்.

அதற்குள் போன் வந்தது. அத்தை. என் மாமியார். மகள் பிறந்ததிலிருந்து அவர்தான் பார்த்துக்கொள்கிறார். அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையில், வேப்பமரத்தடியில் அவருக்கு ஒரு மோர்க்கடை. நான் வேலைக்குக் கிளம்பியதும் மரக்கிளையில் தூளி கட்டிக் குழந்தையை அதில் போட்டுவிட்டு, ஒரு கையால் ஆட்டிக்கொண்டே மறு கையால் மோர் ஊற்றுவார். பத்து மாதக் குழந்தை வெயிலில், புழுதியில், போகிற வருகிற ஆட்களுக்கு நடுவில் தூங்குகிறதே என்று எனக்கு எப்போதும் ஒரு பதற்றம். கிரஷ்ஷில் விடலாமா என்று ஒருநாள் கேட்டதற்கு அவர் மோர்ச்சொம்பை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தார். கேட்டிருக்கக் கூடாதோ என்று இரண்டு நாள் யோசித்தேன்.

"கஞ்சி குடிச்சாளா அத்தை?"

"குடிச்சா, துப்புனா, மறுபடி குடிச்சா. நீ இன்னிக்கு சீக்கிரம் வந்துடு கண்ணு. ஒனக்கு ஒண்ணு செஞ்சு தரப்போறேன். அந்த முதுவலி இன்னியோட ஓடணும்."

பிரசவத்துக்குப் பிறகு என் இடுப்புக்கு மேலே ஓர் இடத்தில் வலி தங்கிவிட்டிருந்தது. குனிந்தால் நிமிர நேரமாகும். டாக்டர் கால்சியம் மாத்திரை கொடுத்தார், உடற்பயிற்சி சொன்னார். அத்தைக்கு இரண்டிலும் நம்பிக்கை இல்லை. போன மாதம் மிளகு தூக்கலாக ஒரு சூப் வைத்துக் கொடுத்தார். காடை என்றார். எலும்பெல்லாம் எடுத்துவிட்டு, சதையை மட்டும் பிய்த்துப் போட்டிருந்தார். குடித்து இரண்டு நாளில் வலி கொஞ்சம் கம்மியானது போலத்தான் இருந்தது.

பேருந்து நிலையம் நெருங்கியபோது அந்தப் பெண் கால்மாற்றிப் போட்டாள். அந்த ஒரு கணத்தில் கீரை தானாக மேலெழும்பி அடங்கியது. நான் கொண்டையை அவிழ்த்தேன்.

இறங்கியதும் மேடம் அவள் தோளில் கைபோட்டு, சொந்தக்காரியைப் பார்த்தவர் மாதிரி ஓரமாக அழைத்துப் போனார். நான் பைக்குள் கைவிட்டேன். கீரைக்கு அடியில் கோணி. கோணிக்குள் குளிர்ச்சியாக, சொரசொரப்பாக, மூச்சு விட்டுக்கொண்டிருக்கும் ஓர் உடல். நான்கு கால்களையும் முதுகுக்கு மேலே இழுத்துக் கட்டி, வாலை வளைத்து இடுப்போடு சேர்த்துச் சுற்றி, வாயைச் சணலால் தைத்திருந்தார்கள். உடும்பு. உயிரோடு இருந்தது.

பார்ப்பதற்கு ஒரு பெரிய பல்லி. ஆனால் சட்டத்தில் அது முதல் பட்டியலில் இருக்கிறது. புலியை வைத்திருந்தால் என்ன வழக்கோ அதே வழக்குத்தான் உடும்புக்கும். விற்கிறவருக்கும் வாங்குகிறவருக்கும் சிறை உண்டு. பயிற்சியில் இதைச் சொல்லிக்கொடுத்தபோது நாங்கள் எல்லோரும் கொஞ்சம் சிரித்தோம்.

சரக அலுவலகத்தில் கால்நடை மருத்துவர் வந்து வாய்த்தையலைப் பிரித்துவிட்டுப் போனார். உடும்பை ஒரு மரப்பெட்டியில் விட்டு மேலே கம்பிவலை போட்டோம். அது மூலையில் தலையை வைத்துக்கொண்டு கிடந்தது. மேடம் விசாரிக்க, நான் வாக்குமூலத்தை எழுத உட்கார்ந்தேன்.

அந்தப் பெண்ணுக்கு என்னைவிடப் பத்து வயது கூடுதலாக இருக்கலாம். அழவில்லை. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாள். கடலை பிடுங்கக் கூலிக்குப் போகிறவள். வரப்பில் எலி வளை வெட்டும்போது அவள் வீட்டுக்காரருக்கு இது அகப்பட்டதாம்.

"எலிக்குத் தோண்டுனா இது வந்துச்சு மேடம். நாங்க இன்னா பண்றது? வராதன்னு சொல்ல முடியுமா?"

"வந்தா உட்டுட வேண்டியதுதான? வாய எதுக்குத் தச்ச?"

"கடிக்கும்ல."

மேடம் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "சரி, யாருக்கு எடுத்துனு போன? டவுன்ல எந்த ஓட்டலு?"

"ஓட்டலுக்கெல்லாம் இல்ல மேடம். ஒரு வூட்டுக்கு. பாவம், ஒரு அம்மா ரொம்ப நாளா கேட்டுனு இருந்தாங்க. மருமவளுக்குப் புள்ள பொறந்ததுலருந்து நிமிர முடியலியாம். நம்மளும் பொம்பளைதான, ஆகட்டுமேனு எடுத்துனு வந்தேன்."

"எந்த ஊரு?"

"அடி அண்ணாமலை. கோயிலத் தாண்டி ரோட்டு மேலயே மோர்க்கடை வெச்சிருக்காங்க."

என் பேனா 'மோர்' என்ற இடத்தில் நின்றது.

"இன்னா நின்னுட்ட, எழுது," என்றார் மேடம்.

"மோர்க்கடை நிறைய இருக்கு மேடம் அங்க," என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

அது உண்மைதான். கிரிவலப் பாதையில் மோர்க்கடைக்கா பஞ்சம். கொஞ்ச நேரம் அந்த உண்மையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் உதவி செய்யும் எண்ணத்தோடு என் பக்கம் திரும்பினாள். "கண்டுபுடிக்கறது ஈசிம்மா. வேப்பமரம் இருக்கும். அதுல தூளி தொங்கும். பேத்தி அதுலதான் தூங்கும். செவப்பா, கன்னத்துல பெருசா பொட்டு வெச்சு."

அந்தப் பொட்டைக் காலையில் வைத்துவிட்டு வந்தது நான்.

அந்தப் பெண்ணுக்கு என்னைத் தெரியாது. உடும்பு என் முதுகுக்குத்தான் என்று தெரியாமலே என் முகத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். மேடத்துக்கும் என் வீடு தெரியாது. அவர் போளூரிலிருந்து மாற்றலாகி வந்து அதிக காலம் ஆகவில்லை. ஆனால் ஜீப் ஓட்டுகிற காவலருக்குத் தெரியும். மகளுக்குப் பெயர் வைத்த அன்று வந்து சாப்பிட்டவர். மேடம் அவரைக் கூப்பிட்டு, "டீ குடிச்சுட்டு வாங்கண்ணா, அடி அண்ணாமலை வரைக்கும் போயிட்டு வரணும்," என்றார்.

வீட்டுக்குப் போன் பண்ணிக் குழந்தையை விசாரித்துவிட்டு வருவதாகச் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். குழாயடியில் நின்றுகொண்டு அத்தையின் எண்ணை அழுத்தினேன். ஒரு வார்த்தை போதும். கடையைச் சாத்துங்கள், குழந்தையை எடுத்துக்கொண்டு உங்கள் தங்கை வீட்டுக்குப் போங்கள். அவர் எடுத்தார். பின்னால் மகள் எதையோ தட்டிக்கொண்டே கத்தும் சத்தம்.

"இன்னா கண்ணு, கிளம்பிட்டியா? நான் இஞ்சி பூண்டெல்லாம் ரெடி பண்ணி வெச்சுட்டேன். அந்தப் பொண்ணத்தான் இன்னும் காணோம்."

சிக்னல் இல்லாதது மாதிரி இரண்டு முறை ஹலோ என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். பிறகு என் கணவரைக் கூப்பிட்டேன். அவர் டவுனில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறார். நடந்ததைச் சொன்னேன். பின்னணியில் யாரோ இருமல் மருந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நீ வாயத் தொறக்காத," என்றார். "அவ பேரா சொன்னா? மோர்க்கடைன்னுதான சொன்னா? ஆயிரம் மோர்க்கடை. அம்மாவ நான் பாத்துக்கறேன்."

"ஜீப் போகுதுங்க."

"போய்ட்டு வரட்டும். அம்மா இல்லன்னு சொல்லிடுவாங்க. எங்கம்மாவ ஜெயில்ல வெச்சுட்டு நீ காக்கி மாட்டிக்கினு போவியா?"

அந்தக் கேள்வியோடு குழாயடியில் நின்றேன். மாரில் பால் கட்டி வலித்தது. குழந்தைக்குக் கொடுக்கும் நேரம் தாண்டியிருந்தது. எனக்குத் தோன்றியது எல்லாமே கோணலாகத்தான் தோன்றியது. அந்தப் பெண்ணின் பை பக்கம் நான் உட்காராமல் இருந்திருக்கலாம். கீரையைப் பார்க்காமல் இருந்திருக்கலாம். அத்தையிடம் வலி என்று வாய்விட்டுச் சொல்லாமல் இருந்திருக்கலாம். பிறகு, எங்கிருந்தோ அந்தச் சூப் நினைவுக்கு வந்தது. எலும்பில்லாத வெள்ளைச் சதை. காடை என்று அத்தை சொன்னபோது நான் ஏன் மேலே எதுவும் கேட்கவில்லை? காடையில் அவ்வளவு சதை இருக்குமா? காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு நான் எதைத் தின்றேன்?

ஜீப் ஸ்டார்ட் ஆகும் சத்தம் கேட்டது. வேப்பமரத்தடியில் அந்த வண்டி போய் நிற்பதும், காக்கி போட்ட ஆட்கள் இறங்குவதும், அத்தை தூளியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்பதும் கண்ணுக்குள் ஓடின. அங்கே நான் இல்லாமல் இது நடக்கக் கூடாது என்பது மட்டும்தான் எனக்குத் தெளிவாக இருந்தது. பின்னால் சிலர் இதை நேர்மை என்றார்கள். அந்த நேரத்தில் எனக்கு அப்படி எதுவும் தோன்றவில்லை.

உள்ளே போய், "மேடம், அது எங்க வீடு," என்றேன்.

மேடம் கையிலிருந்த பிஸ்கட்டைக் கீழே வைத்தார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெண்தான் முதலில் பேசினாள்.

"நீதான் அந்த மருமவளா?" என்றாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு மெதுவாக, "ஒன் மாமியாரு ஒன்னப் பத்தி அவ்ளோ பெருமையா சொல்லும். கவர்மெண்டு வேலனு சொல்லிச்சு. இந்த வேலனு சொல்லவே இல்லியே," என்றாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அத்தை தெரியாமல் செய்யவில்லை. நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும், தன் மருமகளின் முதுகுக்கு வேண்டியது ஒன்று, மருமகள் பிடிக்கப் போகிறது வேறொன்று என்று இரண்டையும் தனித்தனி அறையில் வைத்திருந்தார்.

ஜீப்பில் நானும் போனேன். அத்தை எங்களைப் பார்த்ததும் முதலில் மோர் ஊற்றினார், எல்லோருக்கும். மேடம் வாங்கவில்லை. கேள்வியைக் கேட்டார். அத்தை மறைக்கவேயில்லை.

"ஆமாம்மா, நான்தான் கேட்டேன். இவ ராத்திரியெல்லாம் பொரண்டு பொரண்டு படுக்கறா. புள்ளயத் தூக்கனா மொகம் சுளிக்கறா. எங்க ஊட்ல புள்ள பெத்தவங்களுக்கெல்லாம் குடுப்போம். நானே துன்னுருக்கேன். இதோ பாரு, இன்னும் குடம் தூக்கறேன்."

"இது குத்தம்மா. ஒங்க மருமக சொல்லலியா?"

"சொல்லியிருக்கா. மான் புடிக்கறவன், பன்னி அடிக்கறவன் மேல கேசு போடறேன்னு. இது மருந்துதான?"

நான் மகளைத் தூளியிலிருந்து எடுத்தேன். அவள் என் கொண்டையைப் பிடித்து இழுத்து அவிழ்த்துவிட்டாள். மேடம் அனிச்சையாக என்னைப் பார்த்தார். பிறகு வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

அத்தையையும் ஜீப்பில் சரக அலுவலகத்துக்கு அழைத்து வந்தோம். எங்கள் வனச்சரகர் அன்று மாலை அங்கே வந்தார். உடும்பு அத்தையின் கைக்கு வந்து சேரவில்லை, ஆகவே அவரைச் சாட்சியாகப் போட்டுக்கொள்ளலாமா என்று யோசிப்பதாகச் சொன்னார். எனக்கு உதவத்தான் நினைத்தார் என்று தெரியும். நான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன். சாட்சி. சிறை இல்லை. வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போகலாம். என் கணவருக்கு அந்த நிமிஷமே மெசேஜ் அனுப்பினேன்.

அத்தைதான் ஒப்புக்கொள்ளவில்லை.

"சாட்சின்னா இன்னாது? இவ கொண்டாந்தானு நான் சொல்லணுமா?" பெஞ்சில் இருந்த பெண்ணைக் காட்டினார். "நான் கேக்காம இவ ஏன் கொண்டார்றா? அவ மேல மட்டும் எழுதுனா எப்படி? என்னியும் எழுதுங்க."

"அத்தை, சும்மா இருங்க," என்றேன்.

"நீ சும்மா இரு. ஒனக்கு வேல இருக்குது."

அந்தப் பெண் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேணாம்மா, வூட்ல கொழந்த இருக்குதுல்ல," என்றாள். அத்தை கையை விடுவிக்கவில்லை, சொன்னதையும் மாற்றவில்லை. அவர் சொன்னது சொன்னபடியே வாக்குமூலமாயிற்று. அதை எழுதியது நானில்லை. சொந்த வீட்டு விஷயம் என்பதால் என்னை வழக்கிலிருந்து விலக்கியிருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே நின்று குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே, வேறு ஒருவரின் பேனா ஓடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்தப் பெண் முதல் குற்றவாளி, அத்தை இரண்டாவது. இருவரும் வேலூர் சிறைக்குப் போய்ச் சில நாட்களில் ஜாமீனில் வந்தார்கள். அந்த நாட்களில் மகளை என் கணவரின் தங்கை வந்து பார்த்துக்கொண்டாள். குழந்தை தூளியில் படுக்க மறுத்தது. மோர்க்கடை சாத்தியிருந்தது. பௌர்ணமிக்கு வந்தவர்கள் மூடிய கடைப் பலகையில் உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டுக்கொண்டு போனார்கள். என் கணவர் என்னோடு பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டை நகர்த்துவதிலேயே எல்லாவற்றையும் சொன்னார். என்னால் அவரிடம் கோபப்பட முடியவில்லை. நானும் எனக்குள் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்லியிருக்க வேண்டாமோ. ஆனால் சொல்லாமல் அந்தப் பெண் மட்டும் போயிருந்தால்? ஒரு பக்கம் படுத்தால் ஒரு கேள்வி, திரும்பிப் படுத்தால் மற்றது.

நீதிமன்ற உத்தரவு வந்ததும் உடும்பைக் காப்புக்காட்டில் விடும் வேலையை மேடம் என்னிடமே கொடுத்தார். அந்த வேலை வழக்கில் சேராது என்றார். பெட்டியை ஒரு பாறை இடுக்கில் சாய்த்துத் திறந்தேன். அது வரவில்லை. வாயோரத்தில் தைத்த இடம் இன்னும் தெரிந்தது. நான் பொறுமையிழந்து பெட்டியைத் தட்டினேன். பிறகு அதற்காக வருத்தப்பட்டு, தள்ளிப்போய் உட்கார்ந்தேன். நான் முதுகைப் பிடித்துக்கொண்டு மறுபடி எழுந்தபோது பெட்டி காலியாக இருந்தது. அது போனதை நான் பார்க்கவில்லை.

வழக்கு இன்னும் நடக்கிறது. வாய்தா நாட்களில் அத்தையும் அந்தப் பெண்ணும் நீதிமன்ற வராந்தாவில் ஒரே பெஞ்சில் உட்காருகிறார்கள். இந்த வருஷம் கடலை எப்படி, மழை ஜாஸ்தியா கம்மியா என்று பேசிக்கொள்கிறார்கள். அந்தப் பெண் என் மகளுக்கு அவித்த கடலை கொண்டுவருகிறாள். என்னைப் பார்த்தால் மட்டும் இருவரும் பேச்சை நிறுத்துகிறார்கள். மோர்க்கடை திறந்தாயிற்று. தூளியும் மறுபடி தொங்குகிறது. நான் கிரஷ் பற்றிப் பேசுவதில்லை.

அத்தை வெகுநாள் எனக்கென்று எதுவும் சமைக்கவில்லை. எல்லோருக்கும் வைப்பதில் எனக்கும் வைப்பார், அவ்வளவுதான். அந்தப் பழைய சூப்பைப் பற்றிக் கேட்கப் பலமுறை வாயெடுத்தேன். கேட்டால், பதில் எதுவாக இருந்தாலும் அதை நான் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். கேட்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டுக்குள் மிளகு வாசனை வந்தது. அத்தை ஒரு கிண்ணத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். ஆவி பறந்தது. எலும்போடு இருந்தது. என் கணவர் தட்டிலிருந்து தலை தூக்கிப் பார்த்தார்.

"காடை," என்றார் அத்தை. "பண்ணைக் காடை. கறிக்கடை பாய்கிட்ட முன்னாடி நின்னு அறுத்து வாங்குனேன். எறகையும் தலையையும் தூக்கிப் போடல. பின்னாடி மொறத்துல வெச்சிருக்கேன். வேணும்னா போய்ப் பாத்துக்க."

"வேணாம் அத்தை," என்று சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. ஒரு நல்ல மருமகள் அதைச் சொல்லிவிட்டுக் குடித்திருப்பாள். அத்தை என் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுந்தேன். முதுகு ஒருமுறை பிடித்து விட்டது. பின்கட்டுக்குப் போய் முறத்தைப் பார்த்தேன். புள்ளி புள்ளியாகச் சாம்பல் நிற இறகுகளும் சின்னச் சின்னத் தலைகளும் இருந்தன.

திரும்பி வந்து உட்கார்ந்து கிண்ணத்தைக் கையில் எடுத்தேன். "ஆறிடப்போவுது," என்றார் அத்தை.